திங்கட்கிழமை மட்டும் டெல்லி: எதைப் பார்ப்பது, எதை விடுவது

சனிக்கிழமை ராத்திரி சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி, நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை புது டெல்லியில் இறங்குகிறீர்கள். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் காசிக்கு ரயில். கூட வருவது எழுபதை நெருங்கும் அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா, மனைவி, பத்து வயசுப் பையன். செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சவுக், ராஜ்காட், இந்தியா கேட், நாடாளுமன்றம், லோட்டஸ் டெம்பிள், அக்ஷர்தாம், குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, ரயில் மியூசியம் என்று பதினோரு இடங்களைப் போட்டு, எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும் என்கிறீர்கள். எந்த வரிசையில் போனாலும் முடியாது. எதை விட்டால் ஊருக்குத் திரும்பிய பிறகு 'அடடா, அதைப் பார்க்காமல் வந்துவிட்டோமே' என்று தோன்றாது என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பல வருஷமாக டெல்லிவாசி நான். டெல்லியில் வீடு இருந்தால் ஊர்க்காரர்களுக்கு அது சத்திரம்தான், அதனால் இதே மாதிரி ஒரு பகலை வைத்துக்கொண்டு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிப் பழக்கம் உண்டு.

முதலில் நீங்கள் கவனிக்காமல் விட்ட விஷயம்: அன்று திங்கட்கிழமை. செங்கோட்டை, அக்ஷர்தாம், லோட்டஸ் டெம்பிள், ரயில் மியூசியம் நான்குமே திங்கட்கிழமை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகமும், காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகையான காந்தி ஸ்மிருதியும்கூட அன்று விடுமுறை. டெல்லிக்கு முதல் தடவை வருகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், வாடகை வண்டிக்காரரும் வாய் திறந்து சொல்ல மாட்டார், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு 'பந்த் ஹை' என்பார். குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். இந்தியா கேட், அதையொட்டிய தேசியப் போர் நினைவகம் இரண்டுக்கும் திங்கள் செவ்வாய் என்ற கணக்கே கிடையாது. ஆக உங்கள் பட்டியலில் நான்கை அடித்துவிடும் வேலையைக் கிழமையே செய்துவிட்டது. பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா என்று யோசிக்காதீர்கள், காசி டிக்கெட் கையில் இருக்கும்போது அது தேவையில்லாத தலைவலி.

செங்கோட்டையை விடுகிறோமே என்று அப்பா வருத்தப்படுவார், ஆகஸ்ட் 15 அன்று டிவியில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த இடம். அவரிடம் சொல்ல நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. ஷாஜஹான் 1638இல் தொடங்கி 1648இல் முடித்த அரண்மனையில் பெரும்பகுதியை 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிவிட்டுப் படை வீரர்களுக்கான கட்டடங்களைக் கட்டினார்கள். இப்போது உள்ளே இருப்பது நடுநடுவே மிஞ்சிய சில மண்டபங்கள், அவற்றுக்கிடையே நீண்ட நடை. கம்பீரம் எல்லாம் வெளிச்சுவரில்தான். இது என் அபிப்பிராயம் மட்டுமே, செங்கோட்டைதான் டெல்லி என்று சண்டைக்கு வருகிற டெல்லிக்காரர்கள் நிறைய உண்டு. ஆனால் முழங்கால் வலியோடு வருகிற அம்மாவுக்கு, செங்கோட்டை திறந்திருக்கிற நாளிலும் நான் ஹுமாயூன் கல்லறையைத்தான் சொல்வேன்.

சாந்தினி சவுக்கும் ஜாமா மசூதியும் அன்று திறந்துதான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம் என்கிறேன். பகல் நேரத்தில் சாந்தினி சவுக் முக்கியச் சாலைக்குள் கார் போகாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ரிக்‌ஷாவில் குலுங்க வேண்டும். நீங்களும் மனைவியும் மட்டும் வந்திருந்தால் ஜிலேபியும் பராட்டாவும் சாப்பிட்டுக்கொண்டு அரை நாளை அங்கேயே கழியுங்கள் என்று எழுதியிருப்பேன். ஐந்து பேரை அந்தக் கூட்டத்தில் கைபிடித்து அழைத்துக்கொண்டு போவது சுற்றிப் பார்ப்பதில் சேராது. நாடாளுமன்றத்தை வண்டியில் போகும்போது வெளியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

டெல்லியைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியது, அது ஒரே ஊராக வளர்ந்ததில்லை. ஒவ்வொரு அரசனும் முந்தியவன் ஊரை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினான், கடைசியில் 1911இல் தலைநகரை கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்த ஆங்கிலேயர்களும் அதையேதான் செய்தார்கள். அதனால் பார்க்கவேண்டியவை வடக்கே செங்கோட்டையிலிருந்து தெற்கே குதுப்மினார் வரை சிதறிக் கிடக்கின்றன. மேப்பில் பதினெட்டு கிலோமீட்டர் என்று காட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு அதையே கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே தூரத்தில் இருப்பதைக் காலையில் முடித்துவிட்டு, ஸ்டேஷனை நோக்கி நகர்ந்து வருகிற மாதிரி நாளை அமைத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் கடைசியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தால் ஏழு மணிக்குள் இறங்கிவிடுவீர்கள். பெட்டிகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள், பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். குளித்து உடை மாற்ற, காசு கட்டி உட்காருகிற லவுஞ்ச் ஸ்டேஷனிலேயே உண்டு. பஹார்கஞ்ச் பக்கம் சில மணி நேரத்துக்கு அறை கொடுக்கிற லாட்ஜ்கள் உண்டு, ஆனால் பெரியவர்களோடு அந்தச் சந்துக்குள் போய் வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வெளியே வந்ததும் அக்கறையாகப் பேசிக்கொண்டு யாராவது வருவார்கள். 'உங்கள் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை, ஆஃபீஸ் வேறு இடத்துக்கு மாறிவிட்டது', 'இன்றைக்கு அந்தப் பக்கம் ரோடு அடைத்திருக்கிறார்கள்' என்று எதையாவது சொல்லி ஒரு டிராவல்ஸ் கடைக்குக் கூட்டிப் போவதுதான் நோக்கம். நின்று பதில் சொல்லாதீர்கள், 'நஹி சாஹியே' (வேண்டாம்) என்று சொல்லிக்கொண்டே நடங்கள்.

வண்டி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மெட்ரோ அருமையாக இருக்கிறது, மலிவு, தனியாக வந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையைச் சோதனைக்குப் போட்டு, லைன் மாற நடந்து, இறங்கிய பிறகு மறுபடி ஆட்டோ பிடிக்க வேண்டும். குதுப்மினார் என்று பெயர் வைத்த மெட்ரோ ஸ்டேஷனிலிருந்தே மினாருக்கு நடந்து போகிற தூரம் இல்லை. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்ற கணக்கில் நாள் வாடகைக்குக் கார் கிடைக்கும். நான் சொல்கிற சுற்று ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது. எட்டரைக்கு எடுத்தாலும் சாயங்காலம் ஸ்டேஷனில் விடுகிறவரை கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு என்ன ரேட் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து பேர், சாதாரண டிசையர் மாதிரி வண்டியில் டிரைவரைத் தவிர நான்கு பேர்தான், எர்டிகாவோ இன்னோவாவோ கேளுங்கள். பேசும்போதே 'எம்போரியம், ஷாப்பிங் எதுவும் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மதியம் சால்வைக் கடை வாசலில் நிற்பீர்கள், அவருக்கு அதில் கமிஷன்.

முதல் நிறுத்தம் உங்கள் பட்டியலில் இல்லாதது. அம்மாவுக்காகத்தான் அக்ஷர்தாம் சேர்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதிலாக ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போங்கள். சின்னக் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில், 1973இல் கும்பாபிஷேகம் நடந்தது, நம்மூர் மாதிரியே கருங்கல் கட்டு. ஏற முடியாவிட்டால் கீழேயே மீனாட்சி, சுந்தரேஸ்வரர் சன்னதிகள் இருக்கின்றன. இரண்டு ராத்திரி ரயிலில் வந்த பெரியவர்களுக்குக் காலையில் விபூதி வாசனையும் தமிழ்ப் பேச்சும் கிடைத்தால் தெம்பு வந்துவிடும் என்பது நான் பலமுறை பார்த்தது. குதுப்மினார் போகிற வழியில்தான் இருக்கிறது, மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில்தான் முடியும்.

குதுப்மினாரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இந்தியர்களுக்கு நாற்பது ரூபாய்க்குள்தான், பதினைந்து வயசுக்குக் கீழே இலவசம், போனில் கட்டிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். பெரும்பாலும் சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. மேலே ஏறலாமா என்று பையன் கேட்பான், முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட 45 பேர் இறந்துபோனார்கள், அதிலிருந்து மூடியதுதான். எல்லாரும் 73 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும் மசூதியின் தாழ்வாரத்தில் நுழைந்து தூண்களைப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், கொடிகள் என்று வரிசையாகச் செதுக்கியிருக்கும், ஒரு தூணின் உயரம் போதாமல் அதன் மேலேயே இன்னொரு தூணின் துண்டை ஏற்றி வைத்திருப்பதும் தெரியும், சில இடங்களில் முகங்கள் மட்டும் சிதைந்திருக்கும். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது, ஆகையால் இது வாட்ஸப் வதந்தி கிடையாது. அந்த எண்ணிக்கை அப்படியே சரியா, கற்கள் எங்கெங்கிருந்து வந்தன என்பதெல்லாம்தான் ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்.

முற்றத்தில் இருக்கும் இரும்புத் தூணும் அப்படித்தான். குப்தர் காலத்து எழுத்தில் சமஸ்கிருத வாசகம் இருக்கிறது, சந்திரன் என்ற அரசனின் பெயர் வருகிறது, இதுவரை உறுதி. அது இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேற்பரப்பில் மெல்லிய படலம் உண்டாகிக் காக்கிறது என்பதைக் கான்பூர் ஐஐடியில் இருந்த ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பையனுக்கு இதைச் சொல்லுங்கள். தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிப்பிடிக்கும் வேடிக்கைக்கு இப்போது இடமில்லை, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஹுமாயூன் கல்லறை, முக்கால் மணி நேரப் பயணம். முகலாய பாதுஷா ஹுமாயூன் 1556இல் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார், கல்லறை 1572 வாக்கில் முடிந்தது, தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ அறுபது வருஷம் முந்தியது. நடுவில் ஓடும் நீர்க்கால்வாய், நான்காகப் பிரித்த தோட்டம், மேடையின் மேல் கவிழ்ந்த குமிழ் என்று தாஜில் நீங்கள் போட்டோவில் பார்த்த எல்லாவற்றுக்கும் இங்கேயே முன்மாதிரி இருக்கிறது, சிவப்புக் கல்லில். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, ஒவ்வொரு படியும் உயரம். அம்மாவை ஏற்றாதீர்கள். வாயிலைக் கடந்ததும் நேரெதிரே முழுக் கட்டடமும் தெரிகிற இடத்தில் அவரை உட்கார வைத்துவிடுங்கள், உண்மையில் மேலே போவதைவிடக் கீழேயிருந்து பார்ப்பதுதான் அழகு. நுழைந்தவுடன் வலது பக்கம் இருக்கும் எட்டு மூலை ஈசா கான் கல்லறையை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள், அது இதையும்விடப் பழையது, 1547. கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபர் 1857இல் ஒளிந்திருந்து பிடிபட்டது இந்த வளாகத்தில்தான், அதில் சந்தேகமில்லை. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிக்கோவின் கல்லறையும் இங்கேதான் இருப்பதாகச் சொல்வார்கள், ஆனால் எது என்று கைகாட்டுகிற கைடை நம்பாதீர்கள், அதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

சாப்பாடு. வட இந்திய ஓட்டலில் பெரியவர்கள் அரை வயிறோடு எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் அசோகா ரோட்டில் ஆந்திரா பவன் கேன்டீன் இருக்கிறது. பணம் கட்டி டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் சாதம், பருப்புப் பொடி, நெய், கோங்குரா என்று வந்துகொண்டே இருக்கும். அலுவலக நாளில் ஒரு மணிக்கு நெருக்கியடிக்கும், ஒன்றே முக்கால் வாக்கில் போனால் நல்லது. காரம் ஆகாதென்றால் கனாட் பிளேஸ் பக்கம் நம்மூர் ஓட்டல்கள் இருக்கின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பதினொரு மணிக்கே பிஸ்கட் ஏதாவது கொடுத்துவிடுங்கள், சிக்னல்களில் நேரம் எப்படிப் போகிறது என்று தெரியாது.

மூன்று மணிக்கு மேல் எங்கேயும் ஓட வேண்டாம். இந்தியா கேட்டை ஒட்டிய கர்த்தவ்ய பாதையின் (பழைய ராஜ்பத்) புல்வெளியில் பெரியவர்களை இளைப்பாற விட்டுவிட்டு, ரயில் மியூசியம் போச்சே என்று முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் பையனை சென்ட்ரல் செக்ரடேரியட் ஸ்டேஷனிலிருந்து ராஜீவ் சவுக் வரை மெட்ரோவில் கூட்டிப்போய்த் திரும்பி வாருங்கள். இரண்டே ஸ்டேஷன், ஐந்து மணிக்கு முன்பு கூட்டம் தாங்கும். முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும், அதில் ஏறிவிடாதீர்கள். நாலரைக்குத் தேசியப் போர் நினைவகம். 2019இல் திறந்தது, கட்டணம் இல்லை. வட்டம் வட்டமாக எழுப்பிய சுவர்களில், ஒரு கல்லுக்கு ஒருவர் என்று 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள், படைப்பிரிவோடு. பக்கத்தில், போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கும் தோட்டத்தில், 1987இல் இலங்கையில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். செங்கோட்டைக்காக வருத்தப்பட்ட அப்பா இங்கே உங்களைக் கிளம்ப விடமாட்டார், பாருங்கள். இருட்டியதும் இந்தியா கேட்டில் விளக்கு போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வண்டியில் ஏறிவிட வேண்டும். ஸ்டேஷன் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்த நேரத்தில் நாற்பது நிமிஷம் ஆனாலும் ஆகும்.

ரயில் தாமதமானால்? நவம்பர் கடைசியில் ஜனவரி அளவுக்கு மூடுபனி தொல்லை இருக்காது, இருந்தாலும் இத்தனை தூரம் ஓடி வருகிற வண்டி இரண்டு மூன்று மணி நேரம் பிந்துவது அதிசயமில்லை. பத்து மணிக்கு மேல் இறங்கினால் தெற்குப் பக்கத்தை, அதாவது மலை மந்திரையும் குதுப்மினாரையும் மொத்தமாக வெட்டிவிடுங்கள். ஹுமாயூன், சாப்பாடு, போர் நினைவகம் போதும். 'தாஜ்மகால் திங்கட்கிழமை திறந்திருக்குமே, ஆக்ரா போய் வந்துவிடலாமா' என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கும் இங்கேயே பதில்: திறந்திருக்கும், அதற்கு வெள்ளிதான் விடுமுறை. ஆனால் போக நாலு மணி, வர நாலு மணி, ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் அது சூதாட்டம்.

காற்றைப் பற்றி நான் எதுவும் உத்தரவாதம் தர முடியாது. நவம்பரில் சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் காலையில் எதிர்க் கட்டடமே மங்கலாகத் தெரியும், கண் எரியும். முதல் நாள் ராத்திரி காற்றுத் தர எண்ணைப் போனில் பாருங்கள், 400ஐ நெருங்கினால் வெளியே நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். எல்லாருக்கும் என்95 மாஸ்க் வாங்கி வாருங்கள், துணி மாஸ்க்கில் பயனில்லை. அப்பாவுக்கு இளைப்பு இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை, கிளம்பும் முன்பு அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இன்ஹேலர் பெட்டியில் போகாமல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, காசி டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று நாலு பெரிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலிருந்தும் கிழக்கே வண்டி போகிறது. புது டெல்லியே என்றால் பஹார்கஞ்ச் பக்கம் ஒன்றாம் பிளாட்பாரம், அஜ்மேரி கேட் பக்கம் பதினாறாம் பிளாட்பாரம். கிளோக் ரூம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் காலையிலேயே நினைவில் வைத்துக்கொண்டு டிரைவரை அந்தப் பக்கமே விடச் சொல்லுங்கள். தப்பான பக்கம் இறங்கினால் அத்தனை பிளாட்பாரத்தையும் மேம்பாலத்தில் கடக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் போர்ட்டர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.